தளப்பெயர் யார் பெயரில்: மதுரை இணையத் தொழிலின் கால்நூற்றாண்டு

மதுரையில் புதிதாக இணையதளம் தொடங்க வரும் வணிகர் முதலில் கேட்பது ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதையும், அடுத்ததாகக் கேட்பது தளம் வேகமாகத் திறக்குமா என்பதையும்தான். இரண்டும் நியாயமான கேள்விகளே. எனினும் தளம் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தபின் நேரும் பெரிய இழப்புகளில் இவற்றிலிருந்து பிறப்பவை மிகச் சில என்பதை இத்தொழிலில் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து இருப்பவர்கள் அறிவர். தளப்பெயர் யாருடைய பெயரில் பதிவாகியுள்ளது, கோப்புகளுக்கும் தரவுகளுக்கும் வேறோரிடத்தில் நகல் உண்டா, இன்றைய நிறுவனத்தைவிட்டு நாளை விலக நேர்ந்தால் எவற்றைக் கையோடு கொண்டுபோக முடியும் என்னும் மூன்றையும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொண்டவர்களின் தளங்களே நிலைத்துள்ளன. ஆகவே ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தேர்வதென்பது, அதிலிருந்து வெளியேறும் வழியைத் தேர்வதாகவே இங்குக் கொள்ளப்படுகிறது.

தளப்பெயர், அதாவது டொமைன், என்பது மக்கள் உலாவியில் தட்டச்சு செய்யும் முகவரி. அது ஒரு பதிவாளரிடம் ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பெறப்படுவது. ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகளை எந்நேரமும் மின்சாரத்துடனும் இணைப்புடனும் இயங்கும் சர்வர் ஒன்றில் வாடகைக்கு வைத்திருப்பது. மாசி வீதிகளில் கடை வாடகைக்கு இருந்தாலும் பெயர்ப்பலகை வணிகருக்கே சொந்தமாக இருப்பது போன்ற ஏற்பாடு இது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி ஒரே ரசீதில் வாங்கும் பழக்கம் இங்கு எப்படி வேரூன்றியது என்பதற்குத் தனி வரலாறு உண்டு.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைப் பெருநகரங்களில் தொடங்கியபோது, படங்களோடு பக்கங்களைக் காட்டும் இணைப்புக்கு 250 மணி நேரத்திற்கு 15,000 ரூபாய் கட்டணமாக இருந்தது. 1998 இறுதியில் தனியார் நிறுவனங்களும் இணைப்பு வழங்கலாம் என்று அரசு அனுமதித்தபின், பிரவுசிங் சென்டர்கள் மதுரையின் தெருக்களிலும் பெருகின. விடுதிகளும் பயண முகவர்களும் வெளிநாட்டுப் பயணிகளை எதிர்பார்த்துத் தளங்களைக் கேட்கத் தொடங்கினர். ஆனால் ஹோஸ்டிங் விற்றவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவில் இருந்தனர், கட்டணம் டாலரில் இருந்தது, அதைச் செலுத்தத்தக்க கடனட்டை மதுரை வணிகர்களிடம் அரிதாகவே இருந்தது. அட்டை வைத்திருந்த ஒருவர் மொத்தமாக இடம் வாங்கி, அதைச் சிறு துண்டுகளாக்கி ரூபாய்க்கு விற்றார். அவரிடம் வாங்கிய வடிவமைப்பாளர் தம் வாடிக்கையாளருக்கு விற்றார். ரீசெல்லர் எனப்படும் இந்த இடைநிலை வணிகம் ஏமாற்றும் நோக்கத்தில் தோன்றியதன்று. பணம் செலுத்தும் வழி இல்லாத ஊரில் அது செய்த உதவி பெரிது. ஆயினும் அதன் விளைவாக, நூற்றுக்கணக்கான கடைகளின் தளப்பெயர்கள் கடைக்காரர் பெயரில் பதிவாகாமல், அட்டை வைத்திருந்தவரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சல் முகவரியிலும் பதிவாயின.

அதன் விலை பின்னர் தெரியவந்தது. விளக்குத்தூண் பகுதியில் சுங்குடிச் சேலை விற்கும் குடும்பம் ஒன்றின் தளத்தை அமைத்துக்கொடுத்த இளைஞர் வேலை கிடைத்து வளைகுடா சென்றுவிட, அவருடைய பழைய மின்னஞ்சலுக்கு வந்த புதுப்பித்தல் அறிவிப்புகளை எவரும் பார்க்கவில்லை. டாட் காம் பெயர் ஒன்று காலாவதியானால் உடனே பறிபோய்விடுவதில்லை. பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான கட்டணத்திலும், அதன்பின் மீட்புக் காலம் எனப்படும் 30 நாளில் பன்மடங்கு கட்டணத்திலும் அதைத் திரும்பப் பெற இடமுண்டு, இறுதியாக ஐந்து நாள் யாரும் தொட முடியாத நிலையில் இருந்துவிட்டு அது பொதுவில் விடப்படும். தளம் திறக்கவில்லை என்று குடும்பத்தினர் இக்கட்டுரையாளரிடம் வந்தபோது அந்த ஐந்து நாள் நடந்துகொண்டிருந்தது. பெயர் வேறொருவர் கைக்குப் போய், விளம்பரங்கள் மட்டுமே நிறைந்த பக்கமாயிற்று. பில் புத்தகத்திலும் துணிப்பையிலும் அச்சிட்டிருந்த முகவரியைக் குடும்பம் மாற்ற வேண்டியதாயிற்று. பதிவுதாரர் என்ற இடத்தில் உரிமையாளரின் பெயரும், அவரே அன்றாடம் பார்க்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இருக்க வேண்டும் என்ற விதியை மதுரையில் பலர் இப்படித்தான் கற்றனர்.

மதுரையின் பெயரைத் தாங்கிய ஒரு முயற்சி இதே ஆண்டுகளில் வேறொரு பாடத்தைக் காட்டியது. 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கிய நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டுவருகிறது; சங்கம் இருந்த ஊர் என்பதால் அப்பெயர் பெற்றதே தவிர, அதன் சர்வர் மதுரையில் இருந்ததில்லை. தனித்தனி எழுத்துருக்களின் காலத்தில் தொடங்கிய அத்திட்டம் தமிழ் எழுத்துகளுக்கான டிஸ்கி குறியாக்கத்திற்கும், பின்னர் உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான யூனிகோடுக்கும் மாறியது. அவ்வளவு மாற்றத்திற்கும் நூல்கள் அழியாமல் ஈடுகொடுத்ததற்குக் காரணம், அவை எந்த நிறுவனத்தின் தனி மென்பொருளையும் சாராத எளிய கோப்புகளாக இருந்ததும், ஒவ்வொன்றும் பலர் கைகளில் நகலாக இருந்ததுமே ஆகும். இதற்கு நேர்மாறாக, இலவச இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியபோது, அதில் பக்கங்கள் வைத்திருந்த தமிழர்களில் நகல் எடுக்காதவர்கள் தங்கள் எழுத்தைப் பிறர் தொகுத்த காப்பகங்களில் தேட நேர்ந்தது. இலவச ஹோஸ்டிங்கைப் பழிக்க வேண்டியதில்லை, ஆனால் அது மூடப்படும் நாளைத் தீர்மானிப்பவர் வாடிக்கையாளர் அல்லர்.

வேகம் என்பதன் பொருளை இவ்வட்டாரத்திற்கு உணர்த்தியது மேலூர். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தைக் கொண்டு, என்-லோக் நிறுவனமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2001 வாக்கில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்களை அமைத்தன. கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெறுவதும் அங்கு நடந்தது. அந்த இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 70 கிலோபிட் அளவே என்பதால், ஒரு மெகாபைட் எடையுள்ள முகப்புப்பக்கம் முழுதாக வந்துசேர ஏறத்தாழ இரண்டு நிமிடம் பிடிக்கும். நகரத்து அலுவலகத்தில் ஓடிய தளம் கிராமத்து மையத்தில் நின்றுபோவதைப் பார்த்தவர்கள், சர்வரைக் குறைகூறுமுன் படங்களின் எடையைக் குறைக்கப் பழகினர். தொலைவும் கணக்கில் கொள்ள வேண்டியதே: அமெரிக்க சர்வருக்கு ஒரு கோரிக்கை சென்று விடை திரும்ப ஏறத்தாழ கால் நொடி ஆகும், ஒரு பக்கம் அத்தகைய பல கோரிக்கைகளால் ஆனது என்பதால் தாமதம் கூடிக்கொண்டே போகும். 2015இல் மைக்ரோசாஃப்டும் 2016இல் அமேசானும் இந்தியாவில் மேகக் கணிமைக்கான தரவு மையங்களைத் திறந்தபின், உள்நாட்டு சர்வரில் இடம் பெறுவது சிறு தளங்களுக்கும் எளிதாயிற்று. ஆயினும் சேலையோ அப்பளமோ சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு விற்கும் ஒருவர், தம் வாடிக்கையாளர் எங்கிருக்கிறார் என்று பார்த்த பிறகே சர்வரின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். மும்பையைவிடச் சிங்கப்பூர் அவருக்குப் பொருத்தமாக இருக்கலாம்.

வெளியாரை நம்புவானேன், சொந்த அலுவலகத்திலேயே சர்வர் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியவர்களும் இங்கு இருந்தனர். 2012இல் தமிழ்நாட்டின் மின்வெட்டு தென்மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியபோது அந்த எண்ணம் முடிவுக்கு வந்தது. இன்வெர்ட்டர் பேட்டரி மீண்டும் நிரம்புவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும் நிலையில், அலுவலகத்து சர்வரை வாழவைக்க டீசலுக்கு ஆன செலவு, தரவு மையத்தில் இடம் எடுப்பதைவிட மிகுதியாயிற்று.

அளவற்றது என்ற சொல்லோடு விற்கப்படும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது ஒரே சர்வரை நூற்றுக்கணக்கான தளங்கள் பகிர்ந்துகொள்ளும் முறை, புதிய தளங்கள் பெரும்பாலானவற்றுக்குப் போதுமானதே. ஆனால் இடமும் தரவுப் போக்குவரத்தும் அளவற்றவை என்று கூறும் அதே ஒப்பந்தத்தின் உட்பிரிவில், கோப்புகளின் எண்ணிக்கைக்கும், ஒரே நேரத்தில் இயங்கும் நிரல்களுக்கும், செயலியைப் பயன்படுத்தும் நேரத்திற்கும் வரம்பு எழுதப்பட்டிருக்கும். அந்த வரம்பு சாதாரண நாட்களில் புலப்படுவதில்லை; மதுரையில் அது புலப்படும் நாட்களை நாட்காட்டியிலேயே குறித்துவைக்கலாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் நேரத்தையும் வழியையும் வெளியிடும் தளங்கள், தை முதல் மூன்று நாட்களில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுப் படங்களைப் போடும் தளங்கள், தேர்வு முடிவு நாளில் பள்ளிகளின் தளங்கள் ஆகியவை, ஆண்டு முழுவதும் வராத கூட்டத்தைச் சில மணி நேரத்தில் சந்திக்கின்றன. ஜல்லிக்கட்டுப் படங்களுக்கென்றே நடத்தப்பட்ட ஒரு தளத்தை, மாட்டுப் பொங்கல் அன்று காலையில் அதன் ஹோஸ்டிங் நிறுவனம் வரம்பு மீறியதாகக் கூறி முடக்கிவிட, விடுமுறை நாளில் உதவி மையத்திலிருந்து தானியங்கி மறுமொழிக்கு மேல் ஒன்றும் வரவில்லை. தளம் மீண்டும் திறந்தபோது காளைகள் தொழுவத்திற்குத் திரும்பிவிட்டன, பார்க்க வந்தவர்களும் போய்விட்டனர். அதன்பின் அத்தளம், படங்களை உலகின் பல இடங்களில் நகலாக வைத்து அருகிலிருந்து அனுப்பும் சி.டி.என். என்னும் வலையமைப்பின் பின்னால் வைக்கப்பட்டது. பக்கங்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கப்படாமல் ஆயத்த நிலையில் சேமித்து அளிக்கப்பட்டன. அதே மலிவான ஹோஸ்டிங்கே மறு ஆண்டு கூட்டத்தைத் தாங்கியது.

தமிழில் உள்ளடக்கம் கொண்ட தளங்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் அதைப் பெரும்பாலும் பேசுவதில்லை என்பதால் இங்குச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. மைஎஸ்கியூஎல் என்னும் பரவலான தரவுத்தள மென்பொருள், 2018இல் வந்த எட்டாம் பதிப்பு வரையிலும், வேறு கட்டளை இல்லாதபோது எழுத்துகளை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன் குறியாக்கத்தில் உள்ளவையாகவே கருதிவந்தது. யூனிகோடுத் தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் இடம் எடுக்கும். லத்தீன் என்று பெயரிட்ட கட்டத்திற்குள் அந்த மூன்று பைட்டுகளும் மூன்று தனி எழுத்துகளாகக் கிடந்தாலும், எழுதுவதும் படிப்பதும் ஒரே நிரலாக இருக்கும் வரை தளத்தில் தமிழ் சரியாகவே தெரியும். 255 இடங்கள் கொண்ட தலைப்புக் கட்டத்தில் 85 தமிழ்க் குறிகளே அடங்கி, நீண்ட தலைப்புகள் பாதியில் அறுபடுவது ஒன்றே முன்னறிகுறி. நிறுவனம் மாறும் நாளில்தான் பிழை முழுதாக வெளிப்படும்: ஏற்றுமதிக் கருவி லத்தீன் என்று நம்பி யூனிகோடுக்கு மறுபடி மாற்ற, புதிய இடத்தில் தமிழ் முழுவதும் பொருளற்ற குறிகளும் ஒலிக்குறியிட்ட லத்தீன் எழுத்துகளுமாகக் கலைந்து தெரியும். இந்தக் கலைவை அதே படிகளைத் தலைகீழாகச் செய்து மீட்டுவிடலாம். ஆனால் எழுத்துகள் வினாக்குறிகளாக மாறியிருந்தால் மூல பைட்டுகளே அழிந்துவிட்டன என்று பொருள். பழைய நகல் இல்லையெனில் அந்த எழுத்தை எவராலும் மீட்க இயலாது. உள்ளூர் வரலாற்றுக் கட்டுரைகளைப் பல ஆண்டுகள் வெளியிட்ட ஒரு தளம் இவ்வாறு வினாக்குறிகளின் தொகுப்பாக மாறியதைக் கண்ட பின்னரே, பழைய நிறுவனத்தின் கணக்கை மாற்றம் முடிந்த மறுநாளே மூடும் வழக்கத்தை மதுரைத் தொழிலாளர் சிலர் கைவிட்டனர். தமிழ்த் தளம் நடத்த விரும்புவோர், பணம் கட்டுமுன் சோதனைக் கணக்கில் ஒரு தமிழ்ப் பத்தியை ஏற்றி, தரவுத்தளத்தை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே செலுத்திப் பார்ப்பது அரை மணி நேர வேலைதான்.

நிறுவனங்களின் பெயர்கள் பல இருந்தாலும் உடைமை சில கைகளிலேயே உள்ளது என்பதையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரோவோ நகரில் ஒரு தரவு மையத்தில் நேர்ந்த கோளாறு, தனித்தனிப் போட்டியாளர்களாக விளம்பரம் செய்துகொண்ட பல ஹோஸ்டிங் பெயர்களை ஒரே நேரத்தில் முடக்கியபோது, அவையனைத்தும் எண்டியூரன்ஸ் என்னும் ஒரே குழுமத்தின் பிரிவுகள் என்பது இங்குள்ள பலருக்கு முதன்முறையாகத் தெரிந்தது. மும்பையில் வளர்ந்த டைரெக்டி குழுமத்தின் பிக்ராக், ரீசெல்லர்கிளப் ஆகியவற்றையும் அக்குழுமமே அடுத்த சில மாதங்களில் வாங்கிக்கொண்டது. ஒரு நிறுவனத்தில் தளமும் இன்னொன்றில் நகலும் வைத்திருப்பதாக நினைத்தவர்கள், இரண்டும் ஒரே உரிமையாளரிடம் இருப்பதைக் காண நேர்ந்தது. நகலை ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பதன் விளைவை 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் தரவு மையம் எரிந்த நிகழ்வு உலகிற்கே காட்டியது; அதே வளாகத்தில் நகல் வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் சேர்த்தே இழந்தனர்.

அதே ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்தது இன்னும் நெருக்கமான எச்சரிக்கை. நெட் 4 இந்தியா என்னும் பதிவாளர் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி, வாடிக்கையாளர்கள் பெயர்களைப் புதுப்பிக்கவோ வேறிடம் மாற்றவோ முடியாமல் தவித்தபோது, தளப்பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு அதன் அங்கீகாரத்தை நீக்கி, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை வேறு பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அந்நாட்களில் தம் பெயரில் பதிவும், பதிவாளரை மாற்றத் தேவைப்படும் கடவுக்குறியீடும் வைத்திருந்தவர்கள் ஓரளவு நிம்மதியாக இருந்தனர். இடைத்தரகர் வழியே வாங்கியவர்களுக்குத் தம் பெயர் எந்தப் பதிவாளரிடம் உள்ளது என்பதைக் கண்டுபிடிப்பதே முதல் வேலையாயிற்று.

கட்டண விவகாரத்தில் கவனிக்க வேண்டியது முதலாண்டு விலையைவிட இரண்டாம் ஆண்டு விலையே. விளம்பரத்தில் தெரியும் தொகை மூன்றாண்டுக்கு முன்பணம் செலுத்துபவருக்கு மட்டும் உரியதாகவும், புதுப்பிக்கும்போது அது இரண்டு மூன்று மடங்காகவும் இருப்பது வழக்கம். இதனுடன் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும். 2021 அக்டோபர் 1 முதல், அட்டையிலிருந்து தானாகவே எடுக்கப்படும் தொடர் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி கூடுதல் ஒப்புதலைக் கட்டாயமாக்கியபோது, வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றின் தானியங்கிப் புதுப்பித்தல் இந்திய அட்டைகளில் நின்றுபோயிற்று. தானாகப் புதுப்பிக்கும் என்று நம்பியிருந்த தளங்கள் சில மாதங்களுக்குப் பின் ஒவ்வொன்றாக முடங்கின. இத்தொழிலில் இருப்போர் காலாவதி நாட்களைக் கையால் எழுதிவைக்கும் பழைய வழக்கத்திற்குத் திரும்பினர்.

மின்னஞ்சலைத் தளத்தோடு ஒரே சர்வரில் வைக்காதிருப்பது நல்லது. பகிர்ந்த சர்வரில் அண்டைத் தளம் ஒன்று குப்பை அஞ்சல் அனுப்பினால் அந்த சர்வரின் முகவரியே தடைப்பட்டியலில் ஏறிவிடும். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி விடுதி ஒன்றின் அறை உறுதி அஞ்சல்கள் விருந்தினரைச் சேராமல் போனதற்கு இதுவே காரணமாக இருந்தது.

இன்று புதிய தளத்திற்கு இடம் தேரும்போது அனுபவமுள்ளவர் விலைப்பட்டியலுக்கு முன் உதவி மையத்தைச் சோதிக்கிறார்: ஞாயிறு இரவில் ஒரு தொழில்நுட்பக் கேள்வியை அனுப்பி, மறுமொழி எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதைவிட, கேள்வியைப் படித்தவர் எழுதிய மறுமொழியா என்று பார்க்கிறார். நகல் எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது, அதைத் திரும்ப ஏற்றக் கட்டணம் உண்டா, முழுத்தளத்தையும் ஒரே கோப்பாகப் பதிவிறக்க முடியுமா என்பவை அடுத்த கேள்விகள். தளத்திற்கும் பார்வையாளருக்கும் இடையிலான தகவலை மறையாக்கும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2016 முதலே இலவசமாக வழங்கிவரும்போது, அதற்கு ஆண்டுதோறும் பணம் கேட்கும் நிறுவனத்திடம் காரணம் கேட்பது தகும். தளப்பெயர் ஒரு நிறுவனத்தில், ஹோஸ்டிங் இன்னொன்றில், அஞ்சல் மூன்றாவதில் என்று பிரித்து வாங்கினால் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகலாம்; அந்தத் தொகையை மிச்சப்படுத்தச் சொல்லும் அறிவுரையை இக்கட்டுரையாளர் எவருக்கும் வழங்குவதில்லை.

நிறுவனம் மாற நேர்ந்தால் அதற்கான காலத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். திருமண மண்டபங்களின் தளங்கள் முகூர்த்தம் இல்லாத மார்கழியில் மாற்றப்படுகின்றன. துணிக்கடைகளுக்கு ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் பொங்கலும் முடிந்த மாசி மாதம் ஏற்றது. மாற்றத்திற்கு இரண்டு நாள் முன்பு, தளப்பெயர் எந்த சர்வரைச் சுட்டுகிறது என்ற தகவலை மற்றக் கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதைக் குறிக்கும் எண் 300 நொடியாகக் குறைக்கப்படுகிறது. புதிய சர்வரில் தளம் முழுவதும் ஏற்றப்பட்டு, உரிமையாளர் தம் கைபேசியில் தமிழ்ப் பக்கங்களையும் படிவங்களையும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சுட்டு மாற்றப்படுகிறது. பழைய கணக்கு மேலும் ஒரு மாதம் பணம் கட்டி உயிரோடு வைக்கப்படுகிறது.